தொடரைப் பார்த்து முடித்தபின் துப்பறியும் நாவலைப் படிக்கலாமா?

அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் பாய்ரோ, காலின் டெக்ஸ்டர் படைத்த காவல்துறை அதிகாரி மோர்ஸ் ஆகிய இருவரின் தொலைக்காட்சித் தொடர்களையும் ஒரு பகுதிகூட விடாமல் பார்த்து முடித்துவிட்டதாகவும், இனி அவற்றின் மூல நாவல்களைப் படிப்பதால் புதிதாக ஏதேனும் கிடைக்குமா, கொலையாளி யார் என்பது தெரிந்துவிட்ட பிறகு துப்பறியும் கதையில் மிஞ்சுவது என்ன, படிப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் படிக்கலாம் என்பதே என் பதில். சில நாவல்கள், விடை தெரிந்து படிக்கும்போதுதான் தம் வேலைப்பாட்டை முழுவதும் வெளிப்படுத்துகின்றன. ஆனால் எல்லா நாவல்களும் அப்படிப்பட்டவை அல்ல. எல்லாத் தொடர்களும் மூலத்தை ஒரே அளவில் பின்பற்றுவதும் இல்லை. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். எந்தக் கதையின் கொலையாளியையும் இங்கே காட்டிக்கொடுக்கப் போவதில்லை. ஆசிரியரே தொடக்கத்தில் சொல்லிவிட்ட கதைகள் மட்டும் விதிவிலக்கு.

துப்பறியும் கதையின் மதிப்பு முழுவதும் கடைசி அத்தியாயத்தில் வெளிப்படும் ஒரு பெயரில் அடங்கியிருக்கிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இந்த வகை எழுத்தின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இல் வெளியிட்ட 'தி சிங்கிங் போன்' தொகுப்பின் பெரும்பாலான கதைகளில், குற்றம் யாரால் எப்படி நிகழ்ந்தது என்பதை முதல் பாதியிலேயே காட்டிவிட்டு, துப்பறிவாளர் டாக்டர் தார்ன்டைக் அதைக் கண்டறியும் வழியை மட்டும் இரண்டாம் பாதிக்கு வைத்தார். ஆன்டனி பெர்க்லி, ஃப்ரான்சிஸ் ஐல்ஸ் என்ற புனைபெயரில் 1931-இல் எழுதிய 'மாலிஸ் அஃபோர்தாட்' நாவல், மருத்துவர் ஒருவர் தம் மனைவியைக் கொல்ல முடிவெடுத்ததை அறிவித்துக்கொண்டே தொடங்குகிறது. ரூத் ரெண்டலின் 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்' (1977) இன்னும் ஒரு படி மேலே போய், கொன்றவரின் பெயர், கொல்லப்பட்ட குடும்பம், கொலைக்கான காரணம் ஆகிய மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் அந்தக் குறையை மறைக்க எவ்வளவு தூரம் போவாள் என்பதை அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகப் படித்துச் செல்லும் வாசகருக்கு, முடிவு தெரிந்திருப்பதே அச்சத்தைக் கூட்டுகிறது. தொலைக்காட்சியிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. பீட்டர் ஃபால்க் நடித்த 'கொலம்போ' 1968-இல் தொடங்கி 2003 வரை இடைவெளிகளோடு வெளிவந்தது. அதன் பெரும்பாலான பகுதிகள் கொலையையும் கொலையாளியையும் முதலிலேயே காட்டிவிட்டுத்தான் கதையைத் தொடங்கின.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஜோனதன் லீவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மர்மக் கதைகள் உள்ளிட்ட சிறுகதைகளைச் சிலருக்கு முடிவைச் சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தபோது, முடிவு தெரிந்து படித்தவர்களே கதைகளைக் கூடுதலாக ரசித்ததாக மதிப்பிட்டார்கள். பின்னர் வந்த வேறு ஆய்வுகள் இதற்கு மாறான முடிவுகளையும் தந்துள்ளன. ஆகையால் இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வுகளைக் காட்டிலும் நாவல்களின் அமைப்பே இதற்கு நல்ல சான்று என்று நான் கருதுகிறேன்.

அந்த அமைப்பைப் பார்ப்போம். 1920-களிலும் 1930-களிலும் எழுதிய துப்பறியும் எழுத்தாளர்கள், வாசகருடன் நேர்மையாக ஆட வேண்டும் என்பதை ஏறத்தாழ ஓர் ஒப்பந்தமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்துக் கட்டளைகளை வகுத்தார்: குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும், துப்பறிவாளர் கண்ட துப்பு ஒவ்வொன்றும் வாசகருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும், துப்பறிவாளரின் நண்பர் தம் மனத்தில் தோன்றும் எதையும் வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பவை அவற்றுள் சில. 1930-இல் லண்டனில் உருவான டிடெக்‌ஷன் கிளப், ஜி. கே. செஸ்டர்டனை முதல் தலைவராகக் கொண்டு, இதே கொள்கையைத் தன் உறுப்பினர்களிடம் உறுதிமொழியாகவே வாங்கியது. அமெரிக்காவில் எல்லரி குவீன் என்ற பெயரில் இணைந்து எழுதிய இருவர், 1929-இல் வெளிவந்த தம் முதல் நாவலிலேயே ஒரு கட்டத்தில் கதையை நிறுத்தி, 'தேவையான துப்புகள் அனைத்தும் இப்போது உங்கள் கையில் உள்ளன' என்ற பொருளில் வாசகருக்கு அறைகூவல் விடுத்தார்கள். (1975-இல் ஜிம் ஹட்டன் நடித்து வெளிவந்த எல்லரி குவீன் தொடர் இதை அழகாகக் கையாண்டது, தீர்வுக்கு முன் துப்பறிவாளர் கேமராவை நோக்கித் திரும்பி, விடை தெரிந்ததா என்று பார்வையாளரையே கேட்பார்.)

எல்லாத் துப்புகளையும் காட்டியாக வேண்டும், அதே வேளையில் வாசகர் அவற்றைக் கவனிக்காமலும் கடந்து போக வேண்டும் என்ற இந்த இரட்டைக் கட்டாயம்தான் துப்பறியும் நாவலின் உரைநடையை உருவாக்கியது. ஓர் அறையில் இருந்த பொருள்களைப் பட்டியலிடும்போது முக்கியமானதை நான்காவது இடத்தில் வைத்து, ஆறாவது இடத்தில் கண்ணைப் பறிக்கும் வேறொன்றை வைப்பது, உண்மையான வாக்குமூலத்தை நம்பத்தகாதவர் என்று நாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒருவர் வாயால் சொல்ல வைப்பது, துப்பைக் கொடுத்த அடுத்த வரியிலேயே கதவு தட்டப்படும் ஓசையைக் கேட்க வைத்து நம் கவனத்தை இழுப்பது ஆகியவை எல்லாம் சொற்களின் வரிசையைக் கொண்டு செய்யப்படும் வேலைகள். திரையில் இவற்றைச் செய்வது மிகவும் கடினம். கேமரா ஒரு பொருளை அருகில் காட்டினால், அது முக்கியமானது என்று அறிவித்தாகிவிடுகிறது. காட்டாமல் கடந்தால் நேர்மையாகக் காட்டியதாகாது. சிறிய பாத்திரத்தில் பெயர் பெற்ற நடிகர் ஒருவர் வந்தால், கதையில் எந்தக் குறிப்பும் இல்லாமலேயே நம் சந்தேகம் அவர் பக்கம் போகிறது. நூலில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லாப் பாத்திரங்களும் ஒரே மையில் அச்சிடப்பட்டவை.

தீர்வைச் சொல்லும் இடத்திலும் இதே வேறுபாடு தெரியும். தொடரில் துப்பறிவாளர் அனைவரையும் ஓர் அறையில் உட்கார வைத்து விளக்கும்போது, கொலை நிகழ்ந்த காட்சியே நம் கண்முன் ஓட்டிக் காட்டப்படுகிறது. கண்ணால் கண்டுவிட்ட பிறகு யாரும் ஐயம் எழுப்புவதில்லை. நூலில் துப்பறிவாளருக்குத் துணை அவருடைய வாதம் மட்டுமே. அந்த வாதம் உண்மையில் தாங்குகிறதா, நீதிமன்றத்தில் நிற்குமா, முன்னே சொன்ன துப்புகளிலிருந்து இதே முடிவுக்குத்தான் வர முடியுமா என்றெல்லாம் நின்று நிதானமாகச் சோதிக்க நூல் இடம் தருகிறது. கொலையாளியை ஏற்கெனவே அறிந்தவர் இந்தச் சோதனையை முதல் பக்கத்திலிருந்தே நடத்தலாம். விடை தெரியாமல் படிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இதற்கு ஒரே ஒரு நாவலை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டுமானால், அகதா கிறிஸ்டியின் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' (1942) நாவலைச் சொல்வேன். ஓவியர் ஒருவர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்ட அவருடைய மனைவி சிறையிலேயே இறந்துவிட்டாள். வளர்ந்து திருமணத்துக்குத் தயாராகும் மகள், தன் தாய் குற்றமற்றவள் என்று நம்பி பாய்ரோவிடம் வருகிறாள். தடயம் என்று ஆராய எதுவும் எஞ்சவில்லை. அன்று அந்த வீட்டில் இருந்த ஐந்து பேரின் நினைவுகள் மட்டுமே இருக்கின்றன. பாய்ரோ முதலில் வழக்கறிஞர்களையும் காவல்துறை அதிகாரியையும் சந்திக்கிறார்; பிறகு அந்த ஐவரையும் தனித்தனியே சந்தித்துப் பேசுகிறார்; அதன் பின் அன்றைய நாள்களைப் பற்றித் தம் நினைவில் உள்ளதை எழுதித் தருமாறு ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறார். நாவலின் நடுப்பகுதி முழுவதும் அந்த ஐந்து எழுத்து வாக்குமூலங்கள்தாம்.

2003-இல் டேவிட் சூஷே நடித்து வெளிவந்த தொலைக்காட்சி வடிவம், பாய்ரோ தொடரிலேயே மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அது மகளின் பெயரை மாற்றியது. தாய் தூக்கிலிடப்பட்டதாக மாற்றி, இழப்பின் கடுமையைக் கூட்டியது. வெயில் படர்ந்த தோட்டத்தில் ஒவ்வொருவருடைய நினைவாகவும் விரியும் பழைய காட்சிகள் மனத்தை விட்டு அகலாதவை. ஆனால் அந்தக் காட்சிகளில் நாம் ஓவியரையும் அவர் மனைவியையும் நேரில் பார்த்துவிடுகிறோம். அவர்கள் குரலைக் கேட்டுவிடுகிறோம். நாவலிலோ இறந்துபோன அந்த இருவரும் மற்றவர்கள் எழுதிய வாக்கியங்களுக்குள் மட்டுமே உயிரோடு இருக்கிறார்கள். ஒருவருக்குக் கொடியவளாகத் தெரிந்த பெண் இன்னொருவருக்குப் பரிதாபத்துக்குரியவளாகத் தெரிகிறாள். அரைகுறையாகக் காதில் விழுந்த பேச்சுக்குக் கேட்டவர்கள் தத்தம் மனச்சாய்வுக்கேற்பப் பொருள் கொள்கிறார்கள். விடை தெரிந்த வாசகர் இந்த ஐந்து வாக்குமூலங்களையும் படிக்கும்போது, ஐவரில் கொன்றவர் எழுதியது எது என்பதை அறிந்தே படிக்கிறார். அந்த வாக்குமூலத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எந்த இடத்தில் பேனா சற்றே தயங்குகிறது, பொய் சொல்லாமலேயே எப்படி மறைக்க முடிகிறது, வெறுப்பும் துக்கமும் ஒரே வரியில் எப்படிக் கலந்திருக்கின்றன என்பதெல்லாம் அப்போதுதான் புலப்படும். முதல்முறை படிப்பவர் இதைக் காண வழியில்லை. தொடரைப் பார்த்துவிட்டு நூலுக்கு வருபவர், இரண்டாம் வாசிப்பின் இந்தப் பயனை முதல் வாசிப்பிலேயே பெற்றுவிடுகிறார். உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையமே இதுதான்.

அடுத்ததாக, கதை சொல்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷெர்லக் ஹோம்ஸின் 60 கதைகளில் நான்கைத் தவிர மற்ற அனைத்தையும் நமக்குச் சொல்பவர் வாட்சன். கிரனாடா நிறுவனம் 1984 முதல் 1994 வரை ஜெரமி ப்ரெட்டைக் கொண்டு தயாரித்த 41 பகுதிகள் மூலத்துக்கு நெருக்கமாக இருக்க மிகவும் பாடுபட்டவை. வாட்சனை அசடராகக் காட்டும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, அறிவும் கண்ணியமும் உள்ள மருத்துவராக அவரைக் காட்டியது அவற்றின் பெரும் சாதனை. இருந்தும் திரையில் நாம் ஹோம்ஸையும் வாட்சனையும் வெளியிலிருந்து ஒரே தொலைவில் பார்க்கிறோம். நூலில் ஹோம்ஸை வாட்சனின் வியப்பு, எரிச்சல், அன்பு ஆகியவற்றின் வழியாகவே அறிகிறோம். வாட்சன் எதைக் கண்டும் பொருட்படுத்தாமல் விட்டார் என்பதே பல இடங்களில் துப்பாகிறது. வங்காள எழுத்தாளர் ஷரதிந்து பந்தோபாத்யாயின் ப்யோம்கேஷ் பக்ஷி துப்பறியும் கதைகளுக்கும் இது பொருந்தும். பாசு சாட்டர்ஜி இயக்கத்தில் 1993-இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான தொடரில் ரஜித் கபூர் காட்டிய அடக்கமான நடிப்பு அப்பாத்திரத்துக்கு நிலையான முகத்தைக் கொடுத்துவிட்டது. ஆனால் நண்பரும் கதைசொல்லியுமான அஜித்தின் எழுத்து வழியே ப்யோம்கேஷை அறிவதன் நெருக்கம் கதைகளைப் படிப்பவருக்கே வாய்க்கும். 1930-களில் தொடங்கி ஆசிரியர் மறைந்த 1970 வரை நீண்ட அந்தக் கதைகளில் ப்யோம்கேஷ் மணம் முடிக்கிறார், தந்தையாகிறார், வயதாகிறார். காலமும் அவரைச் சுற்றி மாறிக்கொண்டே போகிறது.

கதை சொல்லும் முறையைப் பற்றிப் பேசும் இந்த இடத்தில்தான் என் பதிலுக்கு ஒரு முக்கியமான விலக்கையும் குறிப்பிட வேண்டும். கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926) நாவலை, அதன் தொலைக்காட்சி வடிவத்தை (2000) இன்னும் பார்க்காதவர்கள், முதலில் நூலாகவே படித்துவிட வேண்டும். அந்த நாவலின் ஆற்றல் அதன் உரைநடையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதால், எந்தத் திரைக்கதையும் அதை முழுமையாக எடுத்து வர இயலாது. ஏற்கெனவே பார்த்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு கவனத்தோடு அளந்து எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் காண்பது தனியொரு அனுபவம். ஆயினும் முதல் அதிர்ச்சி முழு வலிமையோடு கிடைக்கக்கூடிய வாய்ப்பு ஒருமுறைதான் வரும் என்பதால், இந்த ஒரு நாவலில் மட்டும் வரிசை மாறாமல் இருப்பது நல்லது.

நீங்கள் கொலையாளியைத் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைக்கும் சில கதைகளில் உண்மையில் தெரிந்துகொள்ளவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பிபிசி 1984 முதல் 1992 வரை ஜோன் ஹிக்சனைக் கொண்டு, கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிள் வரும் நாவல்கள் பன்னிரண்டையும் படமாக்கியபோது மூலத்தைப் பெருமளவு மதித்தது. அதற்குப் பின் 2004 முதல் 2013 வரை ஐடிவி தயாரித்த மார்ப்பிள் தொடர் மிகுந்த உரிமை எடுத்துக்கொண்டது. அதன் முதல் பகுதியான 'தி பாடி இன் தி லைப்ரரி'யிலேயே தீர்வு மாற்றப்பட்டது. 'டுவர்ட்ஸ் ஸீரோ', 'தி சிட்டஃபர்ட் மிஸ்டரி' போன்ற, மார்ப்பிள் தலையே காட்டாத நாவல்களிலும் அவர் நுழைக்கப்பட்டார். 'ஆர்டீல் பை இன்னொசென்ஸ்' நாவலுக்கும் அதே கதி நேர்ந்தது. பிபிசி 2018-இல் அதே நாவலை மார்ப்பிள் இல்லாமல் மூன்று பகுதிகளாகத் தயாரித்தபோது கொலையாளியையே மாற்றிவிட்டது. இத்தகைய கதைகளின் மூலத்தைப் படிப்பவர் ஏறத்தாழப் புதிய நாவலையே படிக்கிறார். கொலையாளியை மாற்றுவதை நான் ஏற்பதில்லை. துப்பறியும் நாவலில் தீர்வு என்பது கடைசியில் ஒட்டப்படும் பகுதி அன்று. முதல் அத்தியாயத்திலிருந்து ஒவ்வொரு துப்பும் அதை நோக்கியே எழுதப்பட்டிருக்கிறது. தீர்வை மட்டும் பிடுங்கி வேறொன்றை வைத்தால், முன்னே வந்த துப்புகள் ஆதரவின்றி நிற்கும்.

சில தொடர்களில் கதைகளே நூலிலிருந்து வந்தவை அல்ல. கரோலின் கிரஹாம், காவல்துறை அதிகாரி பார்னபியை வைத்து எழுதிய நாவல்கள் ஏழு மட்டுமே. அவற்றைக் கொண்டு 1997-இல் தொடங்கிய 'மிட்சமர் மர்டர்ஸ்' தொடரோ நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகளைக் கடந்துவிட்டது. சுவீடிஷ் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல்லின் வாலண்டர் துப்பறியும் நாவல்கள் விஷயத்தில், கென்னத் பிரானா நடித்த பிரிட்டிஷ் தொடர் பெரும்பாலும் நாவல்களையே பின்பற்ற, கிறிஸ்டர் ஹென்ரிக்சன் நடித்த சுவீடிஷ் தொடரின் பெரும்பாலான பகுதிகள் திரைக்கென்றே உருவாக்கப்பட்ட கதைகளைக் கொண்டவை. சுவீடிஷ் தொடரை மட்டும் பார்த்தவர், 1991-இல் வெளிவந்த முதல் நாவலிலிருந்து எந்த முன்னறிவும் இன்றித் தொடங்கலாம்.

மோர்ஸைப் பற்றி நீங்கள் குறிப்பாகக் கேட்டிருப்பதால் அதற்குச் சற்றுக் கூடுதல் இடம் தருகிறேன். காலின் டெக்ஸ்டர் எழுதிய 13 நாவல்களில் ஏழு, தொடர் தொடங்கிய 1987-க்கு முன்பே வெளிவந்துவிட்டன. மற்ற ஆறும், தொடரில் மோர்ஸாக நடித்த ஜான் தாவின் முகம் மக்கள் மனத்தில் பதிந்த பிறகு எழுதப்பட்டவை. முதல் நாவல்களில் மோர்ஸ் ஓட்டுவது லான்சியா கார். திரையில் சிவப்பு ஜாகுவாராக மாறியபின், டெக்ஸ்டரும் தம் நூல்களில் ஜாகுவாரையே ஏற்றுக்கொண்டார். மோர்ஸின் உதவியாளரான லூயிஸ் நாவலில் வேல்ஸ் நாட்டவர், மோர்ஸைவிட வயதில் மூத்தவர். கெவின் வேட்லி நடித்த லூயிஸ் வட இங்கிலாந்துப் பேச்சு கொண்ட இளைஞர். திரையில் நீங்கள் கண்ட தந்தை மகன் சாயல் கொண்ட அந்த உறவு தொடக்க நாவல்களில் இல்லை. 'தி வுல்வர்கோட் டங்' என்ற 1987-ஆம் ஆண்டுப் பகுதிக்கு டெக்ஸ்டர் கொடுத்த கதைக்கருவே, பின்னர் 1991-இல் 'தி ஜுவல் தட் வாஸ் அவர்ஸ்' என்ற நாவலாக விரிந்தது. திரையிலிருந்து நூலுக்குப் போன கதை அது. ஆகவே மோர்ஸ் நாவல்களை வெளிவந்த வரிசையிலேயே படித்தால், ஒரு நடிகரின் சாயல் ஓர் எழுத்தாளரின் பாத்திரத்துக்குள் மெல்ல மெல்ல நுழைவதைக் கண்கூடாகக் காணலாம். தொடரைப் பார்த்தவர்களுக்கே உரிய வாசிப்பு இன்பம் இது. தொடரோ ஐந்தாவது நாவலான 'தி டெட் ஆஃப் ஜெரிக்கோ'விலிருந்து தொடங்கியது. அந்த வரிசையை நூலுக்குப் பின்பற்ற வேண்டாம்.

டெக்ஸ்டர் குறுக்கெழுத்துப் புதிர்களில் பெயர் பெற்றவர் என்பதும் படிக்கும்போதுதான் முழுமையாக விளங்கும். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் வரும் மேற்கோள்கள், மோர்ஸ் தவறான விடையை உறுதியோடு எட்டி, அதைக் கலைத்து, இன்னொரு விடையை அமைக்கும் விதம் இவை யாவும் புதிர் போடுபவரின் மனப்போக்கைக் காட்டுகின்றன. இந்தத் தவறான தீர்வுகளை நூறு நிமிடத்துக்குள் அடக்க வேண்டிய திரைக்கதை பெரும்பாலும் வெட்டிவிடுகிறது. எனக்கு அவை நாவல்களின் மிகச் சுவையான பக்கங்கள். 'தி வென்ச் இஸ் டெட்' (1989) நாவலில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே மோர்ஸ் 19-ஆம் நூற்றாண்டுக் கால்வாய்க் கொலையொன்றை ஆராய்கிறார். பெரும்பாலும் படிப்பதும் சிந்திப்பதுமே நிகழும் அந்த நூலை, முடிவு தெரிந்திருந்தாலும் தயங்காமல் எடுங்கள்.

நடிகரின் முகம் நூலை ஆக்கிரமித்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அது ஓரளவு உண்மை. ஆனால் எப்போதும் கேடு அல்ல. சூஷே, கிறிஸ்டி எழுதிய குறிப்புகளைத் திரட்டிப் பட்டியலிட்டுக்கொண்டு நடித்தவர். அவர் குரலில் பாய்ரோவின் உரையாடலைக் கேட்பது வாசிப்பைக் கெடுக்காது. இத்தாலிய எழுத்தாளர் ஆந்த்ரியா கமில்லேரியின் காவல்துறை அதிகாரி மோன்டல்பானோவுக்கு நூலில் தலைமுடியும் மீசையும் உண்டு. 1999 முதல் 2021 வரை இத்தாலியத் தொடரில் நடித்த லூக்கா ஜிங்கரெட்டிக்கு இரண்டும் இல்லை. சில பக்கங்களுக்குள் இரு உருவங்களும் மனத்தில் தனித்தனியே நிற்கக் கற்றுக்கொள்கின்றன. கமில்லேரியே, தாம் மறைந்தபின் 2020-இல் வெளிவந்த கடைசி நாவலில், தொலைக்காட்சியில் உலவும் தன் இரட்டையரோடு மோன்டல்பானோவை மல்லுக்கு நிற்க வைத்தார். அவர் எழுத்தாளராகப் புகழ்பெறும் முன் இத்தாலியத் தொலைக்காட்சியில் பணியாற்றியவர். 1960-களில் ஜீனோ செர்வி, சிம்னோனின் துப்பறிவாளர் மெக்ரேயாக நடித்த தொடரின் தயாரிப்பில் பங்கேற்றபோது, திரைக்கதை ஆசிரியர் தியேகோ ஃபாப்ரி ஒவ்வொரு நாவலையும் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் கோத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தே துப்பறியும் கதையின் கட்டுமானத்தைக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். தொடரையும் நூலையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு அந்தப் பாடம் இன்றும் கிடைக்கும்.

ஷார்ஷ் சிம்னோனின் மெக்ரே நாவல்களைப் பற்றி ஒரு வரி போதும்: அவற்றில் யார் என்ற கேள்வி ஒருபோதும் முதன்மையாக இருந்ததில்லை, 75 நாவல்களில் எதையும், எந்தத் தொடரைப் பார்த்த பிறகும், தயக்கமின்றிப் படிக்கலாம்.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். தொடரைப் பார்த்த உடனே அதே கதையை எடுக்க வேண்டாம். உரையாடல்கள் நினைவில் பசுமையாக இருக்கும்போது படித்தால், கண் பக்கத்தில் இருந்தாலும் மனம் திரைக்காட்சியையே ஓட்டிக்கொண்டிருக்கும். சிறு விவரங்கள் மங்கி, கொலையாளியின் பெயர் மட்டும் எஞ்சும் அளவுக்குக் காலம் போகட்டும். பாய்ரோவில் சிறுகதைகளை முதலில் எடுங்கள். 1989-இல் வந்த முதல் பருவத்தின் பத்துப் பகுதிகளும் சிறுகதைகளிலிருந்து உருவானவை; சில பக்கக் கதையை ஐம்பது நிமிடமாக நீட்ட, பாய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ், காவல்துறை அதிகாரி ஜாப், செயலாளர் மிஸ் லெமன் மூவரையும் மூலத்தில் இல்லாத இடங்களிலும் சேர்த்தார்கள், எல்லாவற்றையும் 1930-களின் அழகான சூழலில் நிறுத்தினார்கள். மூலக் கதைகளின் இறுக்கம் உங்களை வியக்க வைக்கும். அதன் பின் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. பிறகு, தொடருக்காகச் சுருக்கப்பட்ட நாவல்களின் மூலம் எதுவானாலும் சரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதி வைக்கப்பட்டு 1975-இல் வெளியான 'கர்ட்டன்', தொடரில் கடைசியாக 2013-இல் வந்ததைப் போலவே நூலாகவும் கடைசியாகத்தான் படிக்கப்பட வேண்டும். மோர்ஸில் 1975-ஆம் ஆண்டின் 'லாஸ்ட் பஸ் டு வுட்ஸ்டாக்' தொடங்கி 1999-இன் 'தி ரிமோர்ஸ்ஃபுல் டே' வரை வரிசையாகச் செல்லுங்கள்.

படிக்கும்போது ஒரு பென்சிலை அருகில் வைத்துக்கொள்வது பயன் தரும். கொலையாளி முதன்முதலில் பேசும் இடத்தையும், நீங்கள் அறிந்த உண்மை முதன்முதலில் வாசகர் கண்முன் வைக்கப்படும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டியின் நல்ல நாவல்களில் இந்த இரண்டாவது குறி, நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மிக முன்னதாகவே விழும்.